ஆடாதோடைக் கசாயம்: எங்கள் வீட்டு முறையும் கவனிக்க வேண்டியவையும்

சளிக்கும் இருமலுக்கும் நாங்கள் கசாயம் வைக்கும் ஆடாதோடை, எங்கள் கொல்லை வேலியில் புதராக மண்டிக் கிடக்கிறது. ஆடு தொடாத இலை என்பதால் வந்த பெயர் என்பார்கள். எங்கள் வெள்ளாடு பக்கத்திலிருக்கும் கிளுவையை மொட்டையடித்துவிட்டு இதை முகர்ந்துகூடப் பார்க்காமல் போகும்.

இலை மாவிலை போல நீண்டிருக்கும். ஆனால் மெல்லியது, எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். பூ வெள்ளை. அதன் கீழுதட்டில் இளஞ்சிவப்புக் கோடுகள் ஓடும். பூவைப் பார்த்து உறுதி செய்யாமலோ, தெரிந்தவர் காட்டாமலோ எந்தச் செடியிலும் கை வைக்காதீர்கள். சாலையோரத்துச் செடியும் பூச்சிமருந்து அடித்த வயலோரத்துச் செடியும் வேண்டாம்.

பெரியவர் ஒருவருக்கு நடுத்தர இலை மூன்று போதும். கழுவி, நடுநரம்பை உருவிவிட்டுக் கிள்ளிப் போடுங்கள். தட்டிய மிளகு நான்கு, தண்ணீர் இரண்டு தம்ளர். சிறுதீயில் அரைத் தம்ளராகச் சுண்ட வேண்டும். பாதி வற்றும்போதே பச்சை வாடை மாறி, அடுப்படி முழுக்கக் கசப்பு மணக்கும். வடிகட்டி, சூடு தணிந்தபின் ஒரு தேக்கரண்டி தேன் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் தேனை விட்டுவிடுங்கள். நாளுக்கு ஒரு வேளை, மூன்று நாள். அதற்கு மேல் நான் கொடுப்பதில்லை. கூடுதலாகக் குடித்தால் குமட்டும், வாந்தியும் பேதியும் வரும். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

நெஞ்சில் கட்டிய சளி இளகி வெளியே வருவது இதன் பெரிய குணம். இலையிலிருக்கும் வாசிசின் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது. கடையில் விற்கும் இருமல் மருந்துகளில் உள்ள புரோம்ஹெக்சின் இந்த வாசிசினை அடியொற்றி உருவாக்கப்பட்டதுதான். ஆகவே அந்த மருந்தைக் குடித்துக்கொண்டே கசாயத்தையும் குடிக்க வேண்டாம். 'இலைதானே, என்ன செய்துவிடும்' என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். வேலை செய்யும் இலை என்றால் அதற்கு அளவும் உண்டு.

வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும். நான் நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது இருமல் தாங்காமல் இலை பறிக்கப் போனேன். மாமியார் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைத்தாய்ச்சிக்கு இது ஆகாதம்மா, வெந்நீரில் ஆவி பிடி" என்றார். வாசிசின் என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை. கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் சித்த மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது.

என் அப்பாவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஐந்து வாரம் விட்டுவிட்டு இருமினார். நான்தான் கசாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்த அன்று சளி வரும், தூங்குவார். குணமாகிறது என்று நம்பினோம். சாயங்காலக் காய்ச்சலையும் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியதையும் வயது என்று நினைத்துவிட்டேன். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினார்.

அதிலிருந்து, யார் இலை கேட்டு வந்தாலும் எத்தனை நாளாக இருமல் என்று கேட்டுவிட்டுத்தான் பறித்துத் தருகிறேன். இரண்டு வாரம் தாண்டியிருந்தால், சளியில் இரத்தம் தெரிந்தால், மூச்சு வாங்கினால் இலை கிடையாது. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், முதலில் அங்கே போய் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.