கனடா பி.ஆர்: சபுராளிகளுக்கான பி.சி.சி வேலை

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் கனடா பி.ஆர் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) பற்றி விசாரிக்கிறவர்களில் பலர் சவுதியிலோ துபாயிலோ சில வருஷம் இருந்துவிட்டு வந்த சபுராளிகள். பி.ஆருக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி இணைய முறையில் புரொஃபைல் போடுவது, ஐ.இ.எல்.டி.எஸ் ஆங்கிலத் தேர்வு எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. நான் சொல்லப்போவது பி.சி.சி என்கிற போலீஸ் சான்றிதழ், அதாவது குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று காட்டும் சான்று, அது மட்டும்.

முதல் வேலை, கடந்த 10 வருஷம் எங்கெங்கே இருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 18 வயதுக்குப் பிறகு தொடர்ந்து 6 மாதமோ கூடுதலோ இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் சான்றிதழ் வேண்டும். மனைவிக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது வளைகுடா நாட்டுச் சான்றிதழ். நான் திணறியது இங்கேதான். கடைசியாக அந்த நாட்டில் வசித்து முடித்த பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. ஃபைனல் எக்சிட்டுக்கு (வேலையை முடித்து நாட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்புவதற்கு) முன்பே கையோடு வாங்கி வந்தது, எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் தேதியில் அடிபடும். ஊரிலிருந்து வாங்குவதென்றால் விரல் ரேகை, சான்றொப்பம் என்று இழுக்கும். வலை இழுத்துத் தேய்ந்த கை என்றால் ரேகை தெளிவாக விழுந்ததா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பழைய பாஸ்போர்ட், இகாமா (சவுதி வசிப்பு அட்டை) நகல் இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள். பி.ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லி கனடாவிலிருந்து அழைப்பு வந்தபின் கிடைப்பது 60 நாள்தான். அதனால் புரொஃபைல் போட்ட கையோடு இதைத் தொடங்குங்கள். அப்படியும் வந்து சேரவில்லையா? விண்ணப்பித்த ஆதாரத்தையும் விளக்கக் கடிதத்தையும் அந்த இடத்தில் ஏற்றலாம்.

இந்தியச் சான்றிதழுக்கு அவசரம் வேண்டாம். இப்போது வசிக்கும் நாட்டுடையது, விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டணம். நமக்கு மதுரை அலுவலகம். தமிழ்நாடு காவல்துறை தளத்தில் எடுக்கும் சரிபார்ப்புச் சான்று வேறு, அதை இதற்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்கேன் கலரில், அசலிலிருந்து. பிரவுசிங் சென்டர் கருப்பு வெள்ளை நகலைவிட நல்ல செல்போன் ஸ்கேன் எவ்வளவோ மேல். அப்புறம், காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டுத் தருகிற ஏஜென்டிடம் கனடா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு சேர்த்தது: அரபியில் வந்த சான்றிதழை ஆலிம் படித்த சொந்த அண்ணன் மொழிபெயர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள். வெளி ஆளிடம் ஆங்கிலத்தில் செய்து வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் அவருடைய பிரமாணப் பத்திரமும் சேர வேண்டும்.