பாலர் வகுப்பில் பாட்டும் விளையாட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் பாலர் வகுப்புக்குப் புது ஆசிரியர்கள் வருகிறார்கள். கை நிறையப் பாட்டோடுதான் வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் நாங்களெல்லாம் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் அவர்களும் செய்வதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தொண்டை கிழியப் பாடுவது, பிள்ளைகள் நெளிந்த பிறகும் இழுப்பது போன்றவை தானாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரிசைப் பாட்டைப் படிப்பு என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். "அ அம்மா, ஆ ஆடு, இ இலை" என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் ஔ வரை போனால் கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆண்டுவிழாவில் கைதட்டலும் கிடைக்கும். "12 உயிரும் முடிஞ்சுது மிஸ்" என்று டிக் போட்டுவிடுவார்கள்.

அப்படி 'முடிந்த' ஒரு வகுப்பில், சார்ட்டில் இருந்த படங்களை மட்டும் பேப்பரால் மறைத்துவிட்டு, எ-வைக் காட்டி ஒரு சிறுமியிடம் "இது என்னம்மா?" என்றேன். அவள் விரலை அ-வில் வைத்தாள். உதடு மட்டும் அசைய, அங்கிருந்து பாடிக்கொண்டே ஏழாவது கட்டத்துக்கு வந்து "எலி" என்றாள். கெட்டிக்காரி! பாட்டை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அதே எழுத்தைத் தனி அட்டையில் காட்டினேன், திருதிருவென்று விழித்தாள். படம் மறைக்காத சார்ட்டில் ஒரு பையன் ஔ-வைப் பார்த்து "பாட்டி" என்றான். கையில் கோலோடு ஔவையார் நிற்கிறார், பாவம் வேறு என்ன சொல்வான்? ஓடத்தைப் பார்த்து "போட்" என்பதும் இந்தக் கணக்குத்தான். படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தை யாருமே பார்க்கவில்லை.

இதன் விலையை ஒன்றாம் வகுப்பில்தான் கொடுக்கிறோம். 'எல்லாம் தெரியும்' என்று அனுப்பிய பிள்ளைக்கு அங்கே யாரும் முதலிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள். வீட்டிலோ, "நல்லாத்தானே சொல்லிட்டிருந்தே?" என்று திட்டு.

வரிசையாகச் சொல்வது ஒன்றும் புதிதல்ல. ஆத்திசூடியே அகர வரிசையில்தான் போகிறது. சொல் கிடைக்காத ங-வுக்குக்கூட 'ஙப் போல் வளை' உண்டு. ஆனால் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டே சொன்னார்கள். வாய் சொல்லும் எழுத்திலேயே கண்ணும் விரலும் இருந்தன. நாம் வாயை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சரி, என்ன செய்யலாம்? பாட்டை விட வேண்டாம், வரிசையை உடையுங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த பாட்டில் இரண்டு வரியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை நகர்த்திக்கொண்டே பாடுங்கள். நடுவில் சட்டென்று நிறுத்தி, "இப்ப விரல் எந்தச் சொல்லில் இருக்கு?" என்று கேளுங்கள். எழுத்து அட்டைகளைக் கலைத்துக் கொடுங்கள். ட, ப, ம மூன்றோடு இரண்டு புள்ளி எழுத்துகள் சேர்ந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். ஔ காத்திருக்கட்டும்.

முதல் ஒலி விளையாட்டை மெய்யெழுத்துக்கும் இழுப்பது

'அணில் எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது?' என்ற விளையாட்டு உயிரெழுத்துக்குச் சரி. ஆனால் தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. சார்ட்டில் ங்-க்கு சங்கு இருக்கும். "சங்கு எதில் ஆரம்பிக்குது?" என்றால் பிள்ளை "ச" என்று சரியாகச் சொல்லும். டீச்சர் "இல்லை, இங்" என்பார். நேற்று வரை ஜெயித்த பிள்ளை குழம்பிப் போகும். மெய்க்குக் கடைசி ஒலியைத் தேடச் சொல்லுங்கள்: கண், மண், பெண், பால், கால், பல்.

அப்புறம், 'இக், இங், இச்' என்று தாளத்தோடு சொல்லிப் பழகியவர்கள் படத்தை "ப-ட-இம்" என்று வாசிப்பார்கள். ம்-க்கு உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று முனகினாலே போதும், அந்த 'இ' போய்விடும்.

போனில் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்வது

சுருதி பிசகினாலும் நீங்களே பாடுங்கள்.

மூன்று வயதில் பென்சில்

வேண்டாம். மணல் இருக்கிறது.

'அவுட்' ஆனவரை உட்கார வைப்பது

தரையில் பாண்டிக் கட்டம் போட்டு, எழுத்தைச் சொல்லிக்கொண்டே தாண்டும் விளையாட்டு அருமையானது. ஆனால் தப்பாகச் சொன்னவர் அவுட் என்றால், எழுத்து தெரியாத பிள்ளை முதல் சுற்றிலேயே சுவரோரம் போய்விடும். தெரிந்தவர்களே கடைசி வரை குதித்துக்கொண்டிருப்பார்கள். தப்பாகச் சொன்னவர் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து சொல்லி இன்னொரு முறை தாண்டட்டும். கட்டத்து எழுத்துகளையும் தினம் மாற்றி எழுதுங்கள். இல்லாவிட்டால் கட்டத்தையும் பாட்டாக மனப்பாடம் செய்துவிடுவார்கள்.