இந்திய வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். ஒவ்வொரு புதிய வகுப்பின் கொப்பிகளிலும், நாங்கள் படித்த காலத்தில் எழுதிய அதே பிழைகள்தான் வருகின்றன. ஆண்டு மாறுவது, பெயர் பிழைப்பது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

சிந்துவெளி எழுத்தை வாசித்துக் காட்டுவது

அந்த எழுத்து என்ன சொல்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை.

இரண்டு அசோகரைக் கலப்பது

சாசனங்களின் அசோகர் ஒருவர், இலங்கையின் பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தின் அசோகர் இன்னொருவர். கலிங்கப் போர் அசோகரின் 13ஆம் பாறைச் சாசனத்தில் இருக்கிறது, மகாவம்சத்தில் இல்லை. சகோதரர்கள் 99 பேரைக் கொன்ற கதை மகாவம்சத்தில் இருக்கிறது, சாசனங்களில் இல்லை. எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

இந்து காலம், முஸ்லிம் காலம், பிரித்தானியர் காலம்

இந்தப் பிரிப்பைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். இதைப் பரப்பியவர் ஜேம்ஸ் மில். 1817இல் அவர் எழுதிய இந்திய வரலாறு வெளிவந்தது. இந்தியாவுக்கு வந்ததே இல்லை, இந்திய மொழி ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு காலங்களுக்கு மதத்தின் பெயர், தங்கள் காலத்துக்கு மட்டும் நாட்டின் பெயர்.

இதை ஏற்றுக்கொண்ட பிள்ளை அடுத்த பக்கத்திலேயே எல்லாப் போருக்கும் மதத்தைக் காரணமாக எழுதும். 1526இல் பானிபட்டில் பாபர் தோற்கடித்த இப்ராகிம் லோடியும் முஸ்லிம்தான். 1576இல் ஹல்திகாட்டியில் அக்பரின் படையை நடத்தியவர் ராஜபுத்திரரான மான்சிங். எதிர்த்து நின்ற மேவார் மன்னர் ராணா பிரதாப்பின் தளபதிகளில் ஒருவர் ஹக்கீம் கான் சூர் என்ற முஸ்லிம். 1206இல் டில்லி சுல்தானகம் தொடங்கியதும் 'இந்து காலம்' முடிந்ததென்றால், 1279 வரை ஆண்ட சோழரை எங்கே வைப்பது?

"எல்லா நோட்ஸிலயும் இப்படித்தானே சேர் இருக்கு?" என்று ஒரு மாணவி விடாமல் கேட்டார். சரி என்று வகுப்பையே கொழும்பு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் நிறுத்தினேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல். சீனத்தில் புத்தருக்கும் தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. இந்தியாவின் 'முஸ்லிம் காலத்தில்' இந்தக் கடலில் நடமாடியவர்களோடு பேச ஒரே கல்லில் தமிழும் பாரசீகமும் தேவைப்பட்டிருக்கின்றன. அதன் பிறகு அந்த மாணவி தன் கட்டுரைத் தலைப்புகளைத் தானே மாற்றி எழுதினார்.

காலத்தைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் நிலவரி யார் கைக்குப் போனது என்று பாருங்கள். டில்லி சுல்தான்கள் அதிகாரிகளுக்கு வரி வசூலிக்கும் உரிமையைக் கொடுத்த இக்தா, முகலாயர் அதிகாரிகளுக்குத் தரம் வகுத்த மன்சப்தாரி, அப்புறம் வங்காளத்தில் ஜமீன்தார்கள் கட்டவேண்டிய வரியை நிலையாக நிர்ணயித்த 1793இன் நிரந்தர நிலவரித் திட்டம். உழுதவனின் வாழ்க்கை எங்கே மாறியது என்பது இந்த வழியில் தெரியும்.

1857தான் முதல் எதிர்ப்பு என்பது

வேலூரில் 1806இலேயே சிப்பாய்கள் பிரித்தானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள்.

1947இல் முடித்துவிடுவது

இந்திய மக்களின் வரலாறு அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிப்போனது. சாஸ்திரியைப் பற்றி எழுதும் பிள்ளை, பாகிஸ்தானோடு அவர் செய்த தாஷ்கண்ட் ஒப்பந்தத்தோடு இதையும் எழுத வேண்டும்.