நாமினி பெயர்: கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றாமல் விடாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பையன், வேலை கிடைத்த புதிதில், தெரிந்த ஏஜெண்டிடம் ஆயுள் காப்புறுதி எடுக்கிறான். நாமினியாக, அதாவது தான் இறந்தால் பணத்தைப் பெறும் ஆளாக, அம்மா பெயர். நல்ல மனசுதான். பிறகு கல்யாணம், இரண்டு குழந்தைகள். அந்தப் படிவத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் திடீரென இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாமியாரும் மருமகளும் முகம் பார்ப்பதில்லை.

கல்யாணம் ஆனதும் பணம் தானாக மனைவிக்குப் போய்விடும் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. போகாது. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 10ஆவது அட்டவணைப்படி, முஸ்லிம் அல்லாதவர் கணவன், மனைவி அல்லது பிள்ளையை நாமினியாக்கினால் அது டிரஸ்ட் பாலிசி. பணம் அவர்களுக்கே, இறந்தவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. பெயர் கொடுக்கும் நேரத்தில் மனைவியும் பிள்ளையும் இல்லையென்றால் பெற்றோருக்கும் இதே உரிமை உண்டு. ஆக, அந்தப் பையனின் பணம் அம்மாவுக்குத்தான். உயிரோடு இருக்கும்போதே மாற்ற வேண்டுமென்றாலும் டிரஸ்டியின், அதாவது அந்தப் பணத்தை நாமினிக்காகக் காக்கும் ஆளின், எழுத்துபூர்வ சம்மதம் தேவை. தனியாக டிரஸ்டி வைக்கவில்லையென்றால் அந்த அம்மாவேதான் டிரஸ்டி. தயவுசெய்து, அம்மா நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசிக் கையெழுத்து வாங்குங்கள். துக்க வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் யார் மனமும் தாங்காது.

அண்ணன், தங்கை பெயரைப் போட்டால் கதை நேர்மாறு. "என் பேர்தானே இருக்கு" என்று அண்ணன் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளராகத்தான் அதை வாங்குகிறார். உயில் இல்லையென்றால் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் பேசும்: மனைவிக்கு கால், பெற்றோருக்கு கால், பிள்ளைகளுக்கு பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. அதற்கும் முன்னால் கடன்களை அடைக்க வேண்டும்.

உயிலில் வேறு பெயர் எழுதினாலும் நாமினி மாறாது. விவாகரத்தும் அதை ரத்து செய்யாது. பிரிந்துபோன துணையின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த டிரஸ்ட் விதி பொருந்தாது. சாதாரண பாலிசியில் நாமினி பொறுப்பாளர் மட்டுமே. இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காஃபுலில் நிபந்தனை ஹிபா (இறந்தபின் போய்ச்சேரும் அன்பளிப்பு) என்று படிவத்தில் குறித்திருந்தால்தான் பணம் அவருக்கே சொந்தம்.

அப்புறம், சாட்சிக் கையெழுத்து. நாமினியே சாட்சியாக இருக்கக்கூடாது, சாட்சிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். மாற்றம் பதிவானதைக் காட்டும் கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, அது எங்கே இருக்கிறதென்று மனைவியிடம் சொல்லிவையுங்கள்.