கோடிங்–டிகோடிங் கணக்கில் மார்க் நழுவும் இடங்கள்

ஒரு சொல்லை எந்த விதிப்படி குறியீடாக மாற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அதே விதியை இன்னொரு சொல்லுக்குப் போடுவதுதான் கோடிங்–டிகோடிங் கணக்கு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவரின் ரஃப் நோட்டை வாங்கிப் பார்த்தால், இந்தக் கணக்கில் தப்பு எங்கே நடந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். விதியே பிடிபடாமல் மார்க் போவதை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். பாதி விதியைப் பார்த்ததுமே முழுதும் கிடைத்துவிட்டது என்று நம்பி விடையைக் குறித்துவிடுகிறோம். போவது அங்கேதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே எழுதுகிறேன். ‘பி’ இரண்டு, ‘டி’ இரண்டு இருப்பதால் அவை வரும் இடத்தில் வரிசை எண்ணும் இருக்கும்.

‘எஃப் ஐ எஸ் ஹெச்’ என்பது ‘ஜி கே வி எல்’ என்று எழுதப்பட்டால், ‘எல் ஐ ஓ என்’ எப்படி எழுதப்படும்?

எஃப் அடுத்து ஜி. சரி, ஒன்று கூடியிருக்கிறது. இதோடு நிறுத்தியவர் எல்லா எழுத்துக்கும் ஒன்று கூட்டி ‘எம் ஜே பி(16) ஓ’ என்பார். இன்னொருவர் இரண்டாவது எழுத்தையும் பார்க்கிறார். ஐ, கே ஆகியிருக்கிறது, இரண்டு கூடியிருக்கிறது. அப்படியானால் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாறி மாறி வருகிறது என முடிவு கட்டி ‘எம் கே பி(16) பி(16)’ என்று குறிக்கிறார். மூன்றாவது எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. எஸ் வி ஆகியிருப்பதால் கூடியது மூன்று. ஹெச் எல் ஆனதில் நான்கு. ஆக விடை ‘எம் கே ஆர் ஆர்’. மூன்று விடையுமே ‘எம்’மில் தொடங்குவதைக் கவனியுங்கள். கேள்வி தயாரிப்பவருக்கு நம் அவசரம் நன்றாகத் தெரியும், மூன்றையும் விருப்பங்களில் வைத்திருப்பார். அதனால் கொடுத்த சொல்லின் கடைசி எழுத்துவரை விதி பொருந்துகிறதா என்று பார்க்காமல் விருப்பங்கள் பக்கம் கண்ணைத் திருப்பாதீர்கள்.

இதற்கு எழுத்துகளின் வரிசை எண் கைவசம் இருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணும்போது தொடங்கும் எழுத்தையே ‘ஒன்று’ என எண்ணிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். இ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25 என்ற ஐந்தை மனப்பாடம் செய்தால் போதும், மற்றவை ஓரிரு அடி தள்ளித்தான் இருக்கும். 26ஐத் தாண்டினால் 26ஐக் கழித்துவிடுங்கள்: ஒய்க்கு 3 கூட்டினால் 28, அதாவது 2, அது பி.

அப்புறம் திசை. குறியீட்டைக் கொடுத்து அசல் சொல்லைக் கேட்டால், கூட்டிய இடத்தில் கழிக்க வேண்டும். பயிற்சியில் நூறு கணக்குக்கு கூட்டியே பழகிய கை இங்கேயும் கூட்டிவிடும். சொல்லைத் திருப்பிப் போடும் கணக்குகளும் உண்டு. முதல் எழுத்தோடு முதல் எழுத்தை ஒப்பிட்டு ஒன்றும் பிடிபடவில்லை என்றால் கடைசி எழுத்திலிருந்து ஒப்பிடுங்கள். திருப்பிப் படிக்கும் குறியீடு நமக்குப் புதிதும் இல்லை. கர்நாடக இசையில் மேளகர்த்தா ராகத்தின், அதாவது தாய் ராகத்தின், பெயரில் முதல் இரண்டு எழுத்துகளுக்குள்ளேயே அதன் எண் இருக்கிறது; ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தீரசங்கராபரணத்தில் ‘தீ’க்கு 9, ‘ர’வுக்கு 2. இந்த 92ஐத் திருப்பினால் 29, அதுதான் அந்த ராகத்தின் எண். திருப்ப மறந்தால் 92ஆவது மேளகர்த்தா என்று வரும், மொத்தமே 72தான்!

எண்ணாக மாற்றும் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பொறி ஒன்று உண்டு. ‘எல் ஓ வி இ’ 54 என்றும், ‘எஃப் ஐ எஸ் ஹெச்’ 66 என்றும் கொடுத்து, ‘எல் ஐ ஓ என்’ எவ்வளவு என்று கேட்கிறார்கள். முதல் சொல்லைக் கூட்டினால் 12, 15, 22, 5; மொத்தம் 54. அச்சாகப் பொருந்துகிறது. உடனே மூன்றாவது சொல்லுக்கு 50 என்று போட்டால் தப்பு. இரண்டாவது சொல்லை அதே மாதிரி கூட்டிப் பாருங்கள், 42தான் வரும். இங்கே எண்கள் பின்னாலிருந்து வருகின்றன, இஸட் 1, ஏ 26. அப்படிக் கூட்டினால் 66 கிடைக்கும், விடை 58. முதல் சொல் ஏன் இரண்டுக்கும் ஒத்துப்போனது? முன்னாலிருந்து ஓர் எழுத்து எத்தனையாவதோ, பின்னாலிருந்து அத்தனையாவதாக வருவது அதன் எதிரெழுத்து; இந்த இரண்டின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 27 வரும். எல்லுக்கு எதிரெழுத்து ஓ, விக்கு இ. அந்தச் சொல்லே இரண்டு எதிரெழுத்து ஜோடிகளால் ஆனது, அதனால் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் 54தான். இரண்டு உதாரணம் கொடுத்திருந்தால் இரண்டையும் சோதித்தே ஆக வேண்டும்.

பெயர் மாற்றும் கணக்கில் வாசிப்புதான் வேலை. வானம் ‘கடல்’ என்றும், கடல் ‘தண்ணீர்’ என்றும், தண்ணீர் ‘சாலை’ என்றும் அழைக்கப்பட்டால், மீன் எங்கே வாழும்? மீன் நிஜத்தில் வாழ்வது தண்ணீரில், அதன் புதுப் பெயர் சாலை. விருப்பங்களில் ‘தண்ணீர்’ இருந்தால் கை அங்கேதான் போகும். இதே சொற்களை ‘வானம்’ என்றால் கடல், ‘கடல்’ என்றால் தண்ணீர், ‘தண்ணீர்’ என்றால் சாலை என்று கொடுத்தால் திசை மாறிவிடும். இப்போது தண்ணீரைக் குறிக்கும் சொல் ‘கடல்’, எனவே அதுவே விடை. ‘அழைக்கப்பட்டால்’, ‘என்றால்’ இரண்டையும் அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

வாக்கியக் கணக்கில், முதல் சொல்லுக்கு முதல் குறியீடு என்று எண்ணக் கூடாது. ‘மழை நன்றாகப் பெய்தது’ என்பது ‘லா நி பே’, ‘மழை நின்று விட்டது’ என்பது ‘பே ரோ கு’ என்றால், பொதுவாக இருப்பது ‘பே’, அதுதான் மழை. ‘நன்றாக’ லாவா நியா என்று இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துச் சொல்லவே முடியாது. ‘தீர்மானிக்க முடியாது’ என்ற விருப்பம் இருந்தால் தயங்காமல் அதைக் குறிக்கலாம்.

ஒரு நிமிடம் தாண்டியும் விதி பிடிபடவில்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். திரும்பி வந்தும் வரவில்லையென்றால் என்ன செய்வது என்பது தேர்வைப் பொறுத்தது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஊகித்தாவது ஒன்றைக் குறிக்கலாம். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் நிலைத் தேர்வில் ஒவ்வொரு தவறுக்கும் அரை மதிப்பெண் போகும், அங்கே இரண்டு விருப்பங்களையாவது உறுதியாக நீக்கிய பிறகுதான் நான் ஊகிக்கச் சொல்வேன்.