காது கேளாத பிள்ளைக்கு மிருதங்கம் கற்பிப்பது எப்படி?

காது கேளாத பிள்ளைக்கு மிருதங்கம் வருமா என்று பெங்களூரு அல்சூரில் மிருதங்க வகுப்பு நடத்தும் என்னிடம் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. நிச்சயமாக வரும். ஆனால் பிள்ளையின் மனவுறுதி மட்டும் போதாது; அந்த உறுதி வீணாகாதபடி சில ஏற்பாடுகளை ஆசிரியரும் வீட்டாரும் செய்துதர வேண்டும்.

ஸ்காட்லாந்தில் 1965-இல் பிறந்த ஈவ்லின் கிளென்னி, பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். பள்ளி ஆசிரியர் முரசைத் தட்ட, அவர் சுவரில் கைவைத்து அதிர்வை உணர்ந்து, கீழ்ச்சுருதி கால்களிலும் மேல்சுருதி முகம், கழுத்து, மார்பிலும் தங்குவதைப் பிரித்தறியக் கற்றார். பின்னர் லண்டன் ராயல் இசை அகாடமியில் படித்து, தாளவாத்தியத்தைத் தனிக்கச்சேரியாகவே உலகெங்கும் வாசித்தார். வெறுங்காலுடன் மேடையேறும் அவருடைய வழக்கத்திலிருந்தே நம் வகுப்பைத் தொடங்கலாம்.

கான்கிரீட்டின் மேல் கிரானைட் பதித்த அடுக்குமாடித் தரை அதிர்வை உணரும்படி அவ்வளவாகக் கடத்தாது. ஆகவே அகலமான மரப்பலகை ஒன்றைச் சற்றே உயர்த்திப் போட்டு, ஆசிரியரும் மாணவரும் அதன்மேல் எதிரெதிரே அமர வேண்டும். வெளிச்சம் ஆசிரியரின் முகத்தில் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் உதடும் கையும் நிழலாகிவிடும்.

முதற்பாடம் மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில்தான். ரவையைக் குழைத்துப் புதிதாகப் பூசிய தொப்பியில் திறந்து அடிக்கும் ‘தொம்’ ஆழமான ஒலி. தோலின் உணர்வு ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ் அளவில் மிகக் கூர்மையாக இருந்து, 1000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அநேகமாக மங்கிவிடும் என்பதால், ‘தொம்’ எளிதில் பிடிபடும். நீங்கள் அடிக்கும்போது பிள்ளையின் உள்ளங்கை மிருதங்கத்தின் கட்டையில் இருக்கட்டும். அடி விழுந்த கணத்தையும், அதிர்வு தேய்ந்து அடங்கும் நேரத்தையும் அந்தக் கை தனித்தனியாக அறியும்வரை அடுத்த சொல்லுக்குப் போக வேண்டாம். வலப்பக்கமான வலந்தலையின் ‘நம்’ நுட்பமானது. மோதிரவிரல் நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் இலேசாகத் தங்க, ஆள்காட்டிவிரல் வெளிவிளிம்புத் தோலான மீட்டில் விழ வேண்டும்; அந்தத் தங்கும் விரலிலேயே நல்ல ‘நம்’மின் துடிப்பு தெரியும், அழுத்தினால் அது செத்துவிடும்.

தாளத்தைப் பொறுத்தவரை கர்நாடக இசை இப்பிள்ளைகளுக்கு வாய்த்த வரம் என்றே நினைக்கிறேன். ஆதிதாளத்தின் எட்டு அட்சரமும் (எண்ணிக்கையும்) தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. ‘தகிட’, ‘தகதிமி’ ஆகிய தாளச்சொற்களை உதட்டசைவோடும் இருவரும் பேசிவைத்துக்கொண்ட கைக்குறிப்போடும் சேர்த்துச் சொல்லி, கார்வைகளை (சொற்களுக்கு இடையே விடும் இடைவெளிகளை) காற்புள்ளியிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொடுங்கள்.

ஒலியளவுதான் கடினமான இடம். அதிர்வு கூடுதலாகக் கிடைக்கிறதே என்று பிள்ளை ஓங்கி அடிக்கும்; விரல் வீங்கும், பாடுபவரின் குரலும் மூழ்கும். கைபேசியில் ஒலிமானிச் செயலியை வைத்து, மெல்லியதும் உரத்ததும் எந்த எண்ணுக்குள் நிற்க வேண்டும் என்று காட்டினால் கைக்கு அளவு படியும். சுருதி சேர்க்கவும் டியூனர் செயலியின் முள் உதவும்.

காதொலிக்கருவி அணியும் பிள்ளையானால், பேச்சுக்காகவே அமைக்கப்பட்ட அக்கருவி நீண்ட இசையொலியைக் கருவியின் கீச்சொலி என்று கருதி அடக்கிவிடக்கூடும். இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத்தருமாறு செவித்திறன் நிபுணரிடம் கேளுங்கள்.

உடன்வாசிக்கும் நாள் வரும்போது, எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) தாளத்தின் முதல் தட்டான சமத்திலா, அதிலிருந்து அரை எண்ணிக்கை தள்ளிய அரை இடத்திலா என்பதைப் பாடுபவரோடு முன்கூட்டியே முடிவுசெய்து, அவர் தாளம் போடும் கை மறையாத கோணத்தில் பிள்ளையை அமர்த்துங்கள். இராமநவமிப் பந்தல்களில் மேடை பெரும்பாலும் பலகைதான். சமுக்காளத்தை அந்த இடத்தில் மட்டும் மடித்துவிட்டு, மானிட்டர் ஒலிபெருக்கியைப் பலகையின் மீதே வைக்கும்படி ஒலியமைப்பாளரிடம் சொல்லிவையுங்கள்.