பழைய ஆமி ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் புது வெளிநாட்டு ஜீப் எடுப்பது எப்படி: யாழ்ப்பாணத்துக்காரருக்கு

வீட்டு முற்றத்தில் ஒரு பழைய லாண்ட் றோவரோ வில்லிஸ் ஜீப்போ நிற்கிறது, கைமாறிக் கைமாறி உங்களிடம் வந்தது, தோட்டத்துக்கும் கடற்கரை வாடிக்கும் ஆனையிறவு தாண்டி வன்னி வயலுக்கும் இத்தனை காலம் ஓடியது, இனி இதோடு மல்லுக்கட்ட முடியாது என்று நினைக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்ட பிறகு, கனபேர் கேட்கிற முதல் கேள்வி "எந்த மொடல் எடுக்கலாம்?" என்பதுதான். அதைக் கடைசியாகக் கேளுங்கள். பழைய வண்டி என்ன வேலை செய்தது, புதியதை இங்கே யார் திருத்துவார், இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மொடல் தானாக வந்து நிற்கும்.

இராணுவங்களே இப்படித்தான் செய்கின்றன. இந்திய இராணுவம் பல வருடம் ஓடிய மாருதி ஜிப்சிக்கு மாற்றுத் தேடியபோது, 800 கிலோ பாரம், மேலே கெட்டிக் கூரை, ஏசி என்று தேவையை முதலில் எழுதி வைத்துக்கொண்டுதான் வண்டிகளை ஓட்டிப் பார்த்தது. 2017இல் 3,192 டாடா சபாரி ஸ்ரோம் வாங்க ஒப்பந்தம் போட்டது. அந்த வண்டி நல்லதா கெட்டதா என்பது வேறு கதை, ஆனால் வரிசை சரி. நீங்களும் ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள்: எத்தனை மூடை வெங்காயம் ஏற்றுகிறீர்கள், எத்தனை பேர் ஏறுகிறார்கள், மணலிலா சேற்றிலா அதிகம் போகிறது, மாரியில் எந்தப் பாதையில் எவ்வளவு வெள்ளம் நிற்கும், உங்கள் ஒழுங்கை எவ்வளவு அகலம். கடைசியில் சொன்னதைச் சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். பழைய 88 அங்குல லாண்ட் றோவரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் இரண்டே கால் மீற்றர்கூட இல்லை, இப்போதைய ஹைலக்ஸ் டபுள் கப்பில் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் பாரப் பெட்டியும் உள்ள வண்டி) அது மூன்று மீற்றருக்கு மேல். இரண்டு பக்கமும் மதில் உள்ள நம் ஒழுங்கை முடக்கில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வாங்க முன் பழையதை ஒருதரம் வடிவாகப் பாருங்கள், மாற்றத்தான் வேண்டுமா என்று. லாண்ட் றோவரின் உடம்பு அலுமினியம், 1948இல் அது வந்தபோது இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு, அதனால் அப்படிச் செய்தார்கள். செசி, அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டம், மட்டும் இரும்பு. அதனால் வெளியே பார்க்க வண்டி நன்றாகத்தான் இருக்கும், பெட்டி போன்ற செசியைக் கறள் உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, பின்பக்கக் குறுக்குச் சட்டம், வில்லுத் தகடு பிடித்திருக்கும் இடம், உடம்பைத் தாங்க வெளியே நீளும் கைகள், இவற்றை மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். கறள் தின்ற இடம் மந்தமாகக் கேட்கும், சில இடத்தில் சிவப்புத் தூள் கொட்டும், சில இடத்தில் சுத்தியல் உள்ளே போய்விடும். கணீரென்று கேட்டால் எஞ்சினைத் திருத்தி இன்னும் சில வருடம் ஓடலாம், அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. தூள் கொட்டினால் வெல்டிங்குக்குக் காசு போடாதீர்கள், மாற்றுங்கள். அவுஸ்திரேலிய இராணுவத்தின் பெரென்ரி என்ற லாண்ட் றோவர்களுக்குச் செசியை உருக்கிய நாகத்தில் (துத்தநாகத்தில்) தோய்த்து, 3.9 லீற்றர் இசுசு டீசல் எஞ்சின் பூட்டியிருந்தார்கள், அவை இருபது வருடத்துக்கு மேல் உழைத்த பிறகுதான் பென்ஸ் ஜி வாகனை எடுத்தார்கள். உப்புக் காற்றில் வாழும் நமக்கு அந்த நாகப்பூச்சு ஒரு பாடம்.

சரி, மாற்றுவது என்று முடிவு. என்ன இருக்கிறது? பாரம் ஏற்றுபவருக்கு ஹைலக்ஸ், எல்200, டி-மக்ஸ் மாதிரி டபுள் கப்தான் பொருத்தம்: ஏணிச் செசி, பின்னால் வில்லுத் தகடு, லோ கியர் உள்ள நான்கு சில்லு இழுவை, ஏறத்தாழ ஒரு தொன் பாரம். ஆட்கள் குறைவு, மணல்தான் அதிகம் என்றால் 2018இல் வந்த புது ஜிம்னி. அதுவும் ஏணிச் செசி, முன்னும் பின்னும் ஒரே கட்டை அச்சு, பாரம் இல்லாத உடம்பு, மணற்காட்டு மணலில் பெரிய வண்டி புதையும் இடத்தில் இது வெளியே வரும். ஆனால் பின் இருக்கையை மடித்தால்தான் நான்கு பெட்டி வைக்கலாம், அதனால் மீன் வியாபாரிக்குச் சரிவராது. 70 வரிசை லாண்ட் குறூசரைச் சொல்லவே தேவையில்லை, தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வண்டிகளாக எல்லோரும் பார்த்ததுதான், 1984இலிருந்து பெரிதாக மாறாத வடிவம், பணம் இருந்தால் எடுங்கள். 2019இல் வந்த புது லாண்ட் றோவர் டிபெண்டரைப் பழைய டிபெண்டரின் பிள்ளை என்று நம்பி வாங்காதீர்கள். அதில் தனிச் செசியே கிடையாது, உடம்பும் செசியும் ஒன்றுதான். திறமான வண்டி, ஆனால் தோட்டத்து வேலைக்கு என் வாக்கு அதற்கு இல்லை.

விலை கேட்கும்போது யப்பான் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, சுங்கம், ஒரு பெறுமதிக்கு மேல் ஆடம்பர வரி, இவற்றோடு 18 வீத வற் வரி என்று ஏறிக்கொண்டே போகும். இறக்குமதிக்காக வங்கியில் எல்சி (கடன் கடிதம்) திறக்க முன், அன்றைய வர்த்தமானிப்படி முழுக் கணக்கையும் எழுத்தில் வாங்குங்கள், வாய்க்கணக்கு வேண்டாம். பாவித்த வண்டியென்றால் வண்டியின் நிலையை எழுதிய யப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள், அதிலுள்ள செசி இலக்கத்தை வண்டியோடு ஒப்பிடுங்கள், கீழ்ப்பக்கப் படங்களும் கேளுங்கள். பனி கொட்டும் வட யப்பானில் றோட்டுக்கு உப்புப் போடுவார்கள், அங்கே ஓடிய வண்டி நம் கடற்கரைக்கு வரமுன்னரே கறளோடு வரும்.

அடுத்தது மெக்கானிக். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல், கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஒஸ்ரின் கார்களை ஓட வைத்த ஊர் இது, அந்தக் கைகளுக்குப் பழைய ஜீப்பில் தெரியாதது எதுவும் இல்லை. இப்போதைய வண்டிகளில் வரும் கொமன் ரெயில் டீசல் எஞ்சின் வேறு சாதி. 1000 பாருக்கு மேல் அழுத்தத்தில் எண்ணெய் தெளிக்கும் இன்ஜெக்ரருக்குள் கொஞ்சம் தண்ணீரோ தூசோ போனால் போதும், செலவு எங்கோ போய் நிற்கும். ஆகவே வாங்க முன்னரே உங்கள் மெக்கானிக்கிடம் போய்க் கதையுங்கள்: இந்த எஞ்சினுக்குக் கோளாறு பார்க்கும் ஸ்கானர் வைத்திருக்கிறாரா, இன்ஜெக்ரர் சோதிக்க எங்கே அனுப்புவார், பில்டரும் பிறேக் பாட்டும் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வேண்டுமா. அவர் இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் அந்த மொடலை விட்டுவிடுங்கள். முடிந்தால் அதே மொடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் பாரத்தை ஏற்றி, உங்கள் பாதையிலேயே ஓட்டுங்கள், கொழும்பு றோட்டில் ஓட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

புதியது வந்ததும் பழைய பழக்கங்கள் சிலதை விட வேண்டும். டபுள் கப்பிலும் ஜிம்னியிலும் நான்கு சில்லு இழுவையைப் போட்டபடி காய்ந்த தார் றோட்டில் ஓடாதீர்கள், வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக் கியர்ப் பெட்டியைக் கெடுக்கும். மணலில் இறங்க முன் ரயர்க் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள், றோட்டுக்கு ஏறியதும் திருப்பி அடியுங்கள், அதற்கு ஒரு சின்னப் பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும். கடற்கரை போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கீழ்ப்பக்கத்தைக் கழுவுங்கள். செசியின் உட்பக்கத்துக்கு மெழுகுப் பூச்சு அடிப்பியுங்கள். கறளின் மேல் தடித்த கறுப்புத் தார் பூசி மறைப்பது கூடாது, ஈரம் உள்ளேயே கிடந்து இன்னும் தின்னும்.

பழையதை உடனே விற்காதீர்கள், ஒரு மாரி முடியும்வரை இரண்டும் நிற்கட்டும். விற்கும்போது வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. வானொலி பூட்டுவதற்கென்று செய்த இராணுவ லாண்ட் றோவர்கள் 24 வோல்ற், அதில் சாதாரண 12 வோல்ற் பல்பைப் போட்டால் எரிந்துபோகும். இரண்டு துண்டாகப் பூட்டிய சில்லு என்றால் காற்றை முழுக்க இறக்காமல் அந்த இரண்டு துண்டையும் பிடித்திருக்கும் நட்டுகளில் கை வைக்கவே கூடாது, ஆளைக் கொன்றுவிடும், பக்கத்து ரயர்க் கடைப் பொடியனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பச்சை நிறத்தை மாற்றிக் கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம், அந்த நிறம் ஒழுங்கைக்குள் வரும்போது இன்னும் நெஞ்சு பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் புத்தகம். எஞ்சின் மாற்றியிருந்தால் பதிவுப் புத்தகத்திலும் அந்த இலக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதலில் அதைத் திருத்துங்கள். கையெழுத்து மட்டும் வைத்து ஓப்பின் பேப்பரில் யாருக்கும் கொடுக்க வேண்டாம். பெயர் மாறும்வரை சட்டப்படி வண்டி உங்களுடையது, அது எங்கே என்ன ஏற்றிக்கொண்டு பிடிபட்டாலும் பொலிஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான், அதனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டே சாவியைக் கொடுங்கள்.